கேக்கை உயர்த்தாதீர்கள், பரப்புங்கள்!



பிறந்தநாள் விருந்து, பள்ளி ஆண்டு விழா, பிரிவு உபசாரம் என்று ஏதாவது ஒன்றில் கேக் வெட்டும் காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேசை நடுவே உயரமான கேக். அதன் தலையில் கிரீம் பூக்கள். மெழுகுவத்தியை ஊதுவார்கள், கைதட்டல் எழும், முதல் துண்டு தாராளமாக விழும். அதற்குப் பிறகு நடப்பதை யாரும் புகைப்படம் எடுப்பதில்லை. கத்தி இறங்க இறங்கக் கேக் சரியும். ஒருவருக்கு வெறும் கிரீம் கிடைக்கும், இன்னொருவருக்கு வெறும் உதிரி. வரிசையின் கடைசியில் நிற்பவருக்குக் காகிதத் தட்டுதான் மிச்சம்.

எங்கள் கல்லூரி இயற்பியல் மன்றத்தின் ஆண்டு இறுதிக் கூட்டம் ஒன்றிலும் இப்படித்தான் நடந்தது. நாற்பது பேர் இருந்தோம். கேக் போதும் என்றுதான் வாங்கினோம், எடையும் குறைவில்லை. ஆனாலும் ஆறு மாணவர்களுக்குக் கேக் எட்டவில்லை. அவர்களில் ஒருவனிடம் நான் மன்னிப்புக் கேட்கும் தோரணையில் போய் நின்றபோது, "எனக்குக் கேக்கே பிடிக்காது சார்" என்றான். கண்ணியமான பொய். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் மிகையாகும். ஆனால் அந்தப் பதில் மனத்தில் முள்ளாகத் தங்கிவிட்டது. நாற்பது பேருக்குப் போதுமான பொருளை நாற்பது பேருக்குப் பங்கிட முடியவில்லை என்றால் குறை எங்கே? அளவில் இல்லை. வடிவத்தில்தான் இருக்கிறது.

என் கட்சி இதுதான்: பலருக்குப் பகிர வேண்டிய கேக் தட்டையாக இருக்க வேண்டும். அதைச் சுடுவதற்கும், அதன்மேல் ஐசிங் ஊற்றுவதற்கும், வெட்டிக் கொடுப்பதற்கும் தட்டை வடிவமே நேர்மையானது. உயரம் காட்சிக்கு உதவும், பந்திக்கு உதவாது. இந்தக் கட்சிக்கு நான் வந்து சேர்ந்தது, முதலில் தோற்ற பிறகுதான்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு நானே கேக் சுடுவதென்று முடிவு செய்தேன். வீட்டில் சிறிய மின் ஓவன் இருந்தது. நாற்பது பேருக்கான மாவைக் கரைத்தேன். ஏறத்தாழ 1,350 கிராம் வந்தது. கையில் இருந்ததோ 20 செ.மீ. விட்டமுள்ள ஒரே ஒரு வட்டத் தகரம். உயரமான தகரம்தானே, முழுவதையும் அதிலேயே ஊற்றினேன். ஐம்பத்தைந்து நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தால், விளிம்பு கரி, மேற்புறம் பாளம் பாளமாக வெடிப்பு, நடுவில் குச்சியைச் செருகினால் பச்சை மாவு. மேசைமேல் வைத்த சில நிமிடங்களில் நடுப்பகுதி கிணறுபோல் உள்வாங்கியது. என் மனைவி அதைப் பார்த்து, "எரிமலை மாதிரியா? கண்காட்சிக்கு வைக்கலாம்" என்றாள்.

ஏன் அப்படி ஆயிற்று? நீங்களே யோசித்துப் பாருங்கள். மாவின் நடுப்பகுதிக்கு வெப்பம் எப்படிப் போய்ச் சேருகிறது? குழம்பான மாவு தண்ணீரைப்போல் சுழன்று வெப்பத்தைக் கொண்டு செல்லாது. அடுக்கு அடுக்காகக் கடத்தப்பட்டுத்தான் போக வேண்டும். இப்போது மாவின் தடிமனை இரண்டு மடங்கு ஆக்குங்கள். வெப்பம் கடக்க வேண்டிய தொலைவு இரட்டிப்பாகிறது. ஆகவே அது பாயும் வேகம் பாதியாகிறது. சூடேற்ற வேண்டிய மாவும் ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் இரட்டிப்பாகிறது. வேகம் பாதி, வேலை இரண்டு மடங்கு என்றால் நேரம் நான்கு மடங்கு! தடிமன் மூன்று மடங்கானால் நேரம் ஒன்பது மடங்கு. தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்ப நேரம் கூடுகிறது.

என் கணக்கைப் பாருங்கள். 20 செ.மீ. விட்டமுள்ள தகரத்தின் பரப்பு சுமார் 314 சதுர செ.மீ. அதே மாவை 38 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமும் உள்ள தட்டில் ஊற்றியிருந்தால் பரப்பு 950 சதுர செ.மீ. அதாவது, அதே மாவை நான் மூன்று மடங்கு தடிமனாக அடைத்து வைத்திருந்தேன். தட்டில் 20 நிமிடத்தில் வெந்திருக்க வேண்டிய மாவு அது.

அப்படியானால் ஒன்பது மடங்கு, மூன்று மணி நேரம் ஆகுமா என்று கேட்பீர்கள். ஆகாது. ஓவனில் உள்ள சூடான காற்று மாவின் மேற்புறத்துக்கு வெப்பத்தைக் கொடுப்பதே மெதுவாகத்தான். அந்தத் தாமதம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்ததன்று. மேலும், உயரமான தகரத்தின் பக்கச் சுவர்களும் கொஞ்சம் வெப்பம் தருகின்றன. ஆகவே உண்மை விடை மூன்று மடங்குக்கும் ஒன்பது மடங்குக்கும் இடையில் எங்கோ இருக்கும். ஆனால் அதுவரை விளிம்பு காத்திருக்குமா? நடுப்பகுதி வேகும் முன்பே விளிம்பு கருகிவிடுகிறது. ஈரம் இருக்கும் இடம் 100 டிகிரியைத் தாண்டாது. ஈரம் போன விளிம்போ ஓவனின் 180 டிகிரியை நோக்கி ஏறிக்கொண்டே இருக்கிறது.

இதை நம் பாட்டிமார் வர்க்கம், கனம் என்ற சொற்களே இல்லாமல் அறிந்திருந்தார்கள். ஒரு படி இட்லி மாவை யாராவது ஒரே குண்டானில் ஊற்றி அவிப்பார்களா? சின்னச் சின்னக் குழிகளில் ஊற்றி, தட்டுத் தட்டாக அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அவிக்கிறார்கள். கல்யாண வீட்டு மைசூர்பாகை நினைத்துப் பாருங்கள். அகலத் தாம்பாளத்தில் கொட்டி, சூடு இருக்கும்போதே வில்லை போடுகிறார்கள். கனமாகக் கொட்டிய மைசூர்பாகின் நடுப்பகுதி மட்டும் சிவந்திருப்பதைக் கண்டிருப்பீர்களே! உள்ளே இருக்கும் வெப்பம் வெளியேற வழியின்றி அங்கே தங்கி, சமையலைத் தொடர்ந்து நடத்துகிறது. உள்ளே போவதானாலும் வெளியே வருவதானாலும் வெப்பத்துக்குத் தடிமன் ஒரே தடைதான்.

இனி தட்டைக் கேக்குக்கு வருவோம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தின் பெயரைத் தாங்கிய சாக்லேட் ஷீட் கேக் ஒன்று உண்டு. பெரிய கூட்டங்களுக்கு எடுத்துப் போவதற்கென்றே அங்குள்ள வீடுகளில் சுடப்படுவது. நான் மேலே சொன்ன 38-க்கு 25 தட்டு அதற்குரிய தட்டுதான். அதன் செய்முறையில் கிண்ணக் கணக்கு இருக்கும்; நான் அதை எடைக் கணக்காக மாற்றிக்கொண்டேன். மாவை அமுக்கி அளந்தால் ஒரு கிண்ணத்தில் கூடுதலாகப் பிடிக்கும், சலித்து அளந்தால் குறையும். தராசு அப்படி ஏமாற்றாது. மைதா 250 கிராம், சர்க்கரை 400, வெண்ணெய் 225, தண்ணீர் 240, கோக்கோத் தூள் 25, மோர் 120, முட்டை இரண்டு, சமையல் சோடா ஒரு தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. மோர் என்றதும் நம் நீர்மோரை நினைக்காதீர்கள். அவர்களுடைய மோர் கடைந்த தயிர்போல் கெட்டியானது.

வெண்ணெய், தண்ணீர், கோக்கோ மூன்றையும் சேர்த்துக் கொதிக்க விட்டு, மைதாவும் சர்க்கரையும் கலந்த பாத்திரத்தில் ஊற்ற வேண்டும். இங்கே ஓர் இயற்பியல் தேர்வு காத்திருக்கிறது. உடனே முட்டையை உடைத்து ஊற்றலாமா? வகுப்பில் படித்த கலவை முறைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கொதிக்கும் திரவமும் அறை வெப்பநிலையில் உள்ள மாவும் சர்க்கரையும் சேர்ந்தால், பாத்திரம் எடுத்துக்கொள்ளும் வெப்பத்தை விட்டுவிட்டால், 70 டிகிரியைத் தாண்டி நிற்கும். முட்டையின் வெள்ளைக் கரு 60 டிகிரிக்குச் சற்று மேலேயே இறுகத் தொடங்கிவிடும். கேக்கில் முட்டைப் பொரியல் மிதக்கும்! ஆகவே முதலில் மோர், பிறகு கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறும்வரை கிளறல், அதற்குப் பிறகே முட்டை. செய்முறை எழுதுபவர்கள் இந்த வரிசையைச் சொல்வார்கள். காரணத்தைச் சொல்ல மாட்டார்கள். காரணம் தெரியாதவன் அவசரத்தில் வரிசையை மாற்றுவான்.

சோடாவைக் கடைசியில் சேர்க்க வேண்டும். மோரில் உள்ள லாக்டிக் அமிலம் பட்டவுடனேயே அது கரியமில வாயுவை வெளியிடத் தொடங்கும்; அடுப்பின் சூட்டுக்காகக் காத்திருக்காது. 84 கிராம் சோடா முழுவதும் அமிலத்தோடு வினைபுரிந்தால் ஒரு மோல் வாயு வரும். நம் அறை வெப்பநிலையில் அது 24 லிட்டருக்குச் சற்று மேல். அப்படியென்றால் 4.2 கிராம் சோடாவுக்கு 1.2 லிட்டர். நம் மாவின் கனஅளவும் ஏறத்தாழ அவ்வளவே! அவ்வளவு வாயுவும் உள்ளேயே தங்குவதில்லை, பெரும்பகுதி தப்பிவிடும். தங்குகிற குமிழ்கள், மாவு வேகும்போது தோன்றும் நீராவியையும் சேர்த்துக்கொண்டு பெரிதாகின்றன. குமிழ்கள் உடையும் முன் அவற்றைச் சுற்றியுள்ள மாவும் முட்டையும் இறுகிவிட வேண்டும். தட்டையான கேக்கில் விளிம்பும் நடுவும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் இறுகுவதால், மேற்புறம் சமமாக அமைகிறது. என் எரிமலையில் விளிம்பு இறுகிப் போன பிறகும் நடுப்பகுதி பொங்கிக்கொண்டிருந்தது, அதனால்தான் வெடிப்பு. இறுகாமலே குளிர்ந்ததால் கிணறு.

சோடாவின் அளவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் செய்முறையை வகுப்பில் சொன்னபோது மாணவி ஒருத்தி எழுந்து, "சார், 120 கிராம் மோரில் எவ்வளவு அமிலம் இருக்கும்?" என்று கேட்டாள். சுமார் ஒரு கிராம். லாக்டிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 90, சோடாவுடையது 84; ஆக ஒரு கிராம் அமிலம் ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவான சோடாவைத்தான் தீர்க்கும். கோக்கோவும் சற்று அமிலத் தன்மை உடையதுதான். ஆனாலும் ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 5 கிராம் சோடாவில் பெரும்பகுதிக்கு ஜோடி அமிலம் இல்லை. அது சூட்டில் தானே சிதையும். பாதி வாயுதான் கொடுக்கும். சோடியம் கார்பனேட்டை மிச்சம் வைக்கும். அதுதான் கேக்குக்குக் கருநிறத்தையும், அளவு மிஞ்சினால் சவர்க்கார வாடையையும் தருவது. நான் ஆறேழு முறை கேக் சுட்டும் எனக்கு இந்தக் கேள்வி தோன்றியதில்லை. இப்போது 3 கிராம்தான் போடுகிறேன். கேக் முன்போலவே எழும்புகிறது. நிறம் மட்டும் ஒரு மாற்றுக் குறைவு.

ஒரு நடைமுறைச் சிக்கல். 38 செ.மீ. தட்டு பல வீட்டு ஓவன்களுக்குள் நுழையாது. கவலை வேண்டாம். 25-க்கு 19 தட்டு சரியாகப் பாதிப் பரப்பு. அதில் பாதி மாவை ஊற்றினால் தடிமன் மாறாது, ஆகவே நேரமும் மாறாது. இரண்டு முறை சுட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இரண்டாம் பாதி மாவில் சோடாவை முன்கூட்டியே கலந்துவிடாதீர்கள். முதல் தட்டு வேகும் இருபது நிமிடத்தில் அதன் வாயு காற்றோடு போய்விடும். முட்டை உண்ணாத நண்பர்களுக்காக ஒரு பாதியை முட்டையின்றிச் சுடவும் இது வசதி. முட்டைக்குப் பதிலாகத் தயிரைக் கூட்டினேன். சற்றே பொடிந்தது, ஆனால் தட்டைக் கவிழ்க்க வேண்டிய தேவையே இல்லாததால் உடையவில்லை. உயரமான கேக்கில் இப்படித் துணிந்திருக்க மாட்டேன். வெந்ததா என்று பார்க்கக் குச்சி போதும். ஆய்வகத்திலிருந்து பாதரச வெப்பமானியை எடுத்து வந்து கேக்கில் குத்தும் எண்ணம் யாருக்காவது இருந்தால், தயவு செய்து வேண்டாம்.

அடுத்தது ஐசிங். உயரமான கேக்கின்மேல் பூசும் வெண்ணெய்க் கிரீம் நம் ஊருக்கு ஏற்றதன்று என்பது என் எண்ணம். வெண்ணெய் 32 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குள் உருகிவிடும். சித்திரை வெயிலில் சென்னையோ வேலூரோ அதை எளிதில் தாண்டும். கிரீம் பூ வாடி, சுவரோடு வழியும். தட்டைக் கேக்குக்குச் சுவரே இல்லை. வெண்ணெய், பால், கோக்கோ மூன்றையும் சூடாக்கி, பொடித்த சர்க்கரையைக் கலந்து, கேக் சூடாக இருக்கும்போதே ஊற்றுகிறோம். சூட்டில் அது இளகி ஓடுவதால் புவியீர்ப்பே அதைச் சமமாகப் பரப்பிவிடும், கைத்திறன் தேவையில்லை. ஆறியதும் சர்க்கரை படிகமாகி மெல்லிய ஏடுபோல் இறுகும். மூலச் செய்முறையில் ஐசிங்குக்கு 450 கிராம் சர்க்கரை. கேக்கில் உள்ள 400-ஐயும் சேர்த்து நாற்பதால் வகுத்தால் ஒரு வில்லைக்கு 21 கிராம். எனக்கு இது அதிகம் என்று பட்டது. ஐசிங்கை மட்டும் பாதியாக்கினேன். 15 கிராமுக்குச் சற்று மேல் வந்தது. யாரும் முறையிடவில்லை.

பங்கிடுவதற்கு வருவோம். கேக் வெட்டுவதை அறிவியலாகக் கருதியவர் நான் முதல்வன் அல்லேன். 1906-ஆம் ஆண்டு டிசம்பரில் 'நேச்சர்' இதழில் பிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேய அறிஞர், வட்டக் கேக்கை எப்படி வெட்டுவது என்று ஒரு கடிதமே எழுதினார். நடுவில் ஒரு பட்டையாக வெட்டி எடுத்துவிட்டு, மீதிப் பாதிகளை ஒன்றோடொன்று சேர்த்து வைத்தால், வெட்டிய முகம் காயாது என்பது அவர் யோசனை. அழகான யோசனைதான். ஆனால் அது ஓரிருவர் மூன்று நாள் வைத்துத் தின்னும் கேக்குக்கு. நம் கேக் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். நமக்குக் காய்வது பிரச்சினை அன்று, நீதிதான் பிரச்சினை.

சதுரக் கேக்கின் மேலும் பக்கங்களிலும் ஐசிங் இருந்தால், கேக்கும் ஐசிங்கும் எல்லாருக்கும் சமமாகக் கிடைக்கும்படி ஐந்து பேருக்கு வெட்ட முடியுமா? முடியும். நான்கு பக்கங்களின் மொத்தச் சுற்றளவை ஐந்து சம நீளங்களாகக் குறித்து, ஒவ்வொரு குறியிலிருந்தும் மையத்துக்கு வெட்டுங்கள். துண்டுகள் கோணல்மாணலாகத் தெரியும்; ஆனால் சமம். மையத்திலிருந்து எல்லாப் பக்கங்களும் ஒரே தொலைவில் இருப்பதுதான் இரகசியம். நீள்சதுரத்தில் இந்த வித்தை பலிக்காது; ஏன் என்று நீங்களே நிறுவிப் பாருங்கள். தட்டைக் கேக்கில் ஐசிங் மேலே மட்டும் இருப்பதால் வித்தையே தேவையில்லை. நீளத்தை எட்டாகவும் அகலத்தை ஐந்தாகவும் பிரித்தால் நாற்பது வில்லை, ஒவ்வொன்றும் 4.75-க்கு 5 செ.மீ. வெட்டும் முன்பே எல்லாருக்கும் உண்டா என்று எண்ணிவிடலாம். உயரமான கேக்கில் அது முடியாது. அங்கே கடைசி ஆளின் பங்கு, முதல் ஆளுக்கு வெட்டுபவரின் கையில் இருக்கிறது.

ஒரு வேறுபாடு மட்டும் மிஞ்சும். நாற்பதில் 4 மூலை வில்லைகள், 18 விளிம்பு வில்லைகள், 18 உள் வில்லைகள். மூலையில் இரண்டு பக்கம் மொறுமொறுப்பு. உள்ளே முழுக்க மென்மை. எடை ஒன்று, சுவை வேறு. இதில் எனக்கு வருத்தமில்லை. மூலையை விரும்புகிறவர்களும் நடுவை விரும்புகிறவர்களும் எந்தக் கூட்டத்திலும் இருக்கிறார்கள். நான் மூலைக் கட்சி.

என் நண்பரான சக ஆசிரியர் ஒருவர், "இதெல்லாம் மனையியல் துறைக்காரர்கள் வேலை அய்யா" என்றார். வெப்பக் கடத்தலும் கலவை முறையும் மோல் கணக்கும் எந்தத் துறையின் பாடத்தில் இருக்கின்றன என்று அவரைக் கேட்டேன். பையன்களில் சிலர், அடுப்பங்கரை அம்மாவின் ராஜ்யம் என்று ஒதுங்குவதையும் பார்க்கிறேன். தின்பதற்கு மட்டும் அந்த ராஜ்யத்தில் குடியுரிமை கேட்கிறார்கள்! இன்னொரு எதிர்ப்புக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை: தட்டைக் கேக் படத்தில் அழகாக விழாது. உண்மை. மெழுகுவத்தி வைத்தாலும் ஏதோ வயலில் நட்ட கம்பம்போலத்தான் நிற்கும்.

சென்ற கூட்டத்துக்கு இரண்டு தட்டுகள் சுட்டு எடுத்துப் போனோம். கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்துவிட்டு வெட்டினால் ஐசிங் ஒட்டாமல் கோடு நேராக விழும். அளவுகோலால் விளிம்பில் குறி போட்டது இரண்டாமாண்டு மாணவர்கள். அந்தப் பழைய மாணவனும் வந்திருந்தான். இப்போது வேலையில் இருக்கிறான். "கேக் பிடிக்காதே உனக்கு?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே விளிம்பு வில்லை ஒன்றை எடுத்துக்கொண்டான். மூலைகள் எல்லாம் அதற்குள் போய்விட்டிருந்தன. எனக்கும் கிடைத்தது உள் வில்லைதான்.